நயினார் வண்டியும் முக்கால் இஞ்சும்

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க சார். உங்க வண்டி ஜாக்கிய விட்டு எறங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் போன நோண்டிக்கினு குந்தியிருக்கறதுக்கு இத்த கேளுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எனுக்கு பேய் பிசாசு, காத்து கருப்பு இதுல எல்லாம் துளி கூட நம்பிக்கை கெடையாது. எங்க தெருவுல ஒரு பொம்பளைக்கு சாமி வந்து ஆடுச்சின்னா நான் எட்டத்துல நின்னுக்கினு, அது பள்ளத்துல கால் வெக்காம சுதாரிப்பா ஆடுதா இல்லியான்னு தான் பாத்துக்கினு இருப்பேன். ஆக்சிடென்டு ஆயி ஆளு செத்த வண்டி எத்தினியோ இந்த ஷெட்டுல நின்னிருக்குது, அதுங்களுக்கு அடியில பாயி போட்டு மத்தியானம் தூங்கியிருக்கேன். ஒண்ணும் வந்ததில்ல, கொசு தான் வந்துச்சி.

இதுல ராத்திரி பன்னெண்டு மணியும் கெடையாது, நாய் ஊளையும் கெடையாது. எல்லாம் பட்டப்பகல்ல நடந்தது. அதனால தான் எனுக்கு இன்னும் பேஜாரா இருக்குது. ராத்திரியா இருந்தா இருட்டுல சரியா தெரியலன்னு சொல்லி மனச தேத்திக்கலாம்.

என் வேலை இன்னான்னு தான் பாத்துக்கினு இருக்கீங்களே. திண்டிவனத்துல இந்த பைபாஸ் ஓரமா இருபது வருஷத்துக்கு மேல சேசிஸ் பாக்கறேன். சேசிஸ்னா வண்டிக்கு அடியில நீளமா ரெண்டு இரும்பு, நடுவுல குறுக்கு இரும்பு, அதுக்கு மேல தான் மத்த எல்லாம். கயித்துக் கட்டிலு சட்டம் மாதிரின்னு வெச்சிக்கோங்க. அது கோணிக்கிச்சின்னா மேல எம்மாம் பெயிண்டு அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. அது நேரா இருக்குதான்னு பாக்கறதுக்கு பெரிய மிஷினு எல்லாம் வேணாம். கொத்தனாரு வெச்சிருக்கற நூல் குண்டு, ஒரு சாக்பீஸு, ஒரு டேப்பு போதும். சமமான தரையில வண்டிய நிறுத்தி, சேசிஸ்ல முன்னாடி ரெண்டு பக்கம் பின்னாடி ரெண்டு பக்கம் ஒரே மாதிரி இருக்கற நாலு போல்ட்டுல இருந்து குண்டு தொங்கவுட்டு, தரையில அது தொடற எடத்துல புள்ளி வெக்கணும். வண்டிய நவுத்திட்டு, அந்த நாலு புள்ளிய குறுக்கா அளக்கணும், இந்த மூலையில இருந்து அந்த மூலை, அந்த மூலையில இருந்து இந்த மூலை. ரெண்டு அளவும் ஒண்ணா வந்தா வண்டி நேரு. வரலன்னா பெண்டு. அவ்ளோ தான். இதுல சாமியும் இல்ல பேயும் இல்ல.

இன்னொரு வழியும் இருக்குது. தரையில தண்ணி ஊத்தி, அது மேல வண்டிய ஏத்தி, காஞ்ச எடத்துல நேரா கொஞ்ச தூரம் ஓட்டறது. பின் டயரு முன் டயரு தடத்து மேலயே போனா தரையில ரெண்டு கோடு தான் இருக்கும். வண்டி கோணிக்கினு போச்சின்னா நாலு கோடு தெரியும். சின்னப் புள்ளைக்கு கூட புரியும்.

இப்ப என் சகலையைப் பத்தி சொல்லணும். எம் பொஞ்சாதி செல்வியோட தங்கச்சி சுமதி, அவ புருஷன் தனசேகரு. விழுப்புரத்துல எண்ணெய் செக்கு வெச்சிருக்கான், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கி ஆட்டி விக்கறான். நான் மூத்த மாப்ள, அவன் எளைய மாப்ள. பேருக்கு தான் மூத்தவன். மாமனாரு வூடு ஓமந்தூரு. தோ, இங்க இருந்து கண்ண மூடிக்கினு போயிடலாம். ஆனா அவருக்கு நெஞ்சு வலின்னு வந்தா போன் எங்க போவும்னு நெனைக்கறீங்க? விழுப்புரத்துக்கு. அவன் அங்க இருந்து கார எடுத்துக்கினு வந்து ஆஸ்பத்திரியில சேத்து, எல்லாம் முடிஞ்சப்பறம் எனுக்கு போன் வரும், "பெரிய மாப்ள, ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" அப்டின்னு. நான் பயந்தேன்னு எவன் சொன்னான்? கறி சோறு போட்டா நல்லி எலும்பு அவன் எலையில வுழுவும். பொங்கலுக்கு எடுத்த வேட்டியில எனுக்கு ஒரு கரை, அவனுக்கு ஒரு கரை, அவனது தான் அகலமா இருக்கும். நான் அளந்து பாத்தேன் சார், சிரிக்காதீங்க, டேப்பு எப்பவும் பாக்கெட்லயே தான இருக்குது.

அவன் கெட்டவனா இருந்தா கூட பரவால்ல, திட்டித் தீத்துடலாம். நல்லவன். என்னைப் பாத்தா எழுந்து நிப்பான். அண்ணா அண்ணான்னு தான் கூப்புடுவான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அது தான் எனுக்கு வயித்தெரிச்சலு. அவன் மேல கோவப்பட ஒரு காரணம் கூட அவன் குடுக்க மாட்டேங்கறான். நான் பொறாமை புடிச்சவன் தான் சார், அத்த ஒத்துக்கினு தான் இந்தக் கதைய சொல்றேன்.

எனுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. சொந்தமா ஒரு பிக்கப்பு வேணும். ஊரான் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடந்தவன், நம்ம பேர்ல ஒண்ணு இருந்தா ரோட்ல நின்னுபோற வண்டிங்கள போயி பாக்கலாம், தொழிலு பெருசாவும்னு கணக்கு. அப்ப தான் செஞ்சிப் பக்கத்துல இருந்து ஒரு நயினாரு, சமண மதத்துக்காரரு, ஸ்ப்ரிங் பட்டை மாத்த இங்க வந்தாரு. வயசானவரு, வெவசாயம் பண்றவரு. வெள்ளை கலரு பிக்கப்பு, பழசு தான், ஆனா அடியில படுத்துப் பாத்தேன் பாருங்க, அப்டியே எழுந்துக்க மனசு வரல. எங்கயும் ஒரு வெல்டிங் கெடையாது, ஒரு துரு கெடையாது. "இதுல நெல்லும் மல்லாட்டையும் தவிர எதுவும் ஏத்துனதில்லப்பா, ஒரு கோழி கூட ஏத்துனதில்ல" அப்டின்னாரு. "குடுக்கறப்ப எனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க நயினாரே" அப்டின்னேன். "சொல்றேன்பா" அப்டின்னாரு. செல்விகிட்ட போயி அந்த வண்டியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனேன். பொண்ணு பாத்துட்டு வந்தவன் கூட அப்டி பேச மாட்டான்னு அவ சிரிச்சா.

ஆறு மாசம் போயிருக்கும். ஒரு நா சகலை போன் பண்றான். "அண்ணா, நம்ம செக்குக்கு மல்லாட்டை போடற செஞ்சிப் பக்கத்து நயினாரு ஒருத்தரு தன்னோட வெள்ளை பிக்கப்ப குடுக்கறேன்னு சொல்றாருண்ணா. பழைய வண்டி. சேசிஸ் பெண்டா நேரான்னு நீங்க வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். வேற எவனையும் நான் கேக்க மாட்டேன்."

எனுக்கு அப்டியே காதுல இருந்து பொகை வந்துச்சி. நயினாரு மறந்துட்டாரு, வயசானவரு, அவரை குத்தம் சொல்ல முடியாது. ஆனா இவன்? ஊர்ல இருக்கற அத்தினி வண்டியில எம் வண்டி தான் இவனுக்கு கெடைச்சிச்சா? நான் பாத்து வெச்சது எல்லாம் இவன் வூட்டுக்கு தான் போயி நிக்கணுமா? ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன். காலையில பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

செக்குக்கு பின்னாடி மல்லாட்டை காய வெக்கற சிமெண்டு களம் இருக்குது, நல்லா சமமா. அதுல வண்டி நின்னுக்கினு இருந்துச்சி. நயினாரும் வந்திருந்தாரு, என்னைப் பாத்து அடையாளம் கண்டுக்கினு சிரிச்சாரு, நான் கேட்டது அவருக்கு ஞாபகம் இல்ல. குண்டு கட்டி, புள்ளி வெச்சி, வண்டிய நவுத்தி, டேப்போட ஒரு முனைய சகலை புடிக்க, மறுமுனைய நான் புடிச்சி அளந்தேன். ஒரு குறுக்கு. அப்பறம் மறு குறுக்கு. இருபது வருஷத்துல புது வண்டியில கூட அப்டி பாத்ததில்ல சார், ஒரு நூல் வித்தியாசம் இல்ல. ரெண்டும் ஒண்ணு.

"எப்டிண்ணா இருக்குது?" அப்டின்னான் சகலை.

நேரா இருக்குதுன்னு சொல்ல தான் வாயத் தொறந்தேன். வாயி என்னைக் கேக்கல. "முக்கால் இஞ்சு பெண்டு" அப்டின்னு சொல்லிடுச்சி. "இடது பக்கம் முன்னாடி வாங்கியிருக்குது. வேணாம் சகல, பின்னாடி பேஜாரு."

நயினாரு ஒண்ணும் சண்டைக்கி வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். "நான் எங்கயும் இடிச்சதில்லயே" அப்டின்னு மெதுவா சொன்னாரு. தோள்ல இருந்த துண்ட எடுத்து கண்ணாடிய தொடைச்சாரு, ஏற்கெனவே சுத்தமா தான் இருந்துச்சி. அப்பறம், "நீங்க தொழிலு தெரிஞ்சவரு, இருந்தாலும் இருக்கும்" அப்டின்னாரு. எனுக்கு அவரு மூஞ்சைப் பாக்க முடியல.

வழக்கமா தண்ணி ஊத்தியும் ஓட்டிக் காட்டுவேன். அன்னிக்கி பண்ணல. பண்ணா எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சிடுமே. என் திட்டம் இன்னான்னா, சகலை வேணாம்னுடுவான், ஒரு மாசம் கழிச்சி நான் மெதுவா நயினாரைப் பாத்து, பெண்டா இருந்தாலும் பரவால்ல நானே வெச்சிக்கறேன்னு சொல்லிடலாம்னு. ஆனா சகலை அந்த சாக்பீஸ் புள்ளிங்களயே கொஞ்ச நேரம் பாத்துக்கினு நின்னான். அப்பறம், "ஓமந்தூரு மாமா அட்வான்ஸ் குடுத்துட்டாருண்ணா, பின்வாங்க முடியாது. நீங்களே எடுத்துக்கினு போயி நிமித்திக் குடுத்துடுங்க. உங்க கை பட்டா சரியாயிடும்" அப்டின்னான்.

நேரா இருக்கற வண்டிய எப்டி சார் நிமித்தறது?

மாட்டிக்கினேன். சரி, ஷெட்டுல மூணு நா நிறுத்தி வெச்சி, பெண்டு எடுக்க இழுக்கற செயின சும்மா மாட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு, நிமித்திட்டேன்னு சொல்லிக் குடுத்துடலாம்னு ஓட்டிக்கினு வந்தேன். வர்றப்பவே ஒரு மாதிரி இருந்துச்சி. ஸ்டியரிங்க வலது பக்கம் புடிச்சிக்கினே வர வேண்டியதா இருந்துச்சி. ரோடு சரிவுன்னு நெனச்சேன்.

மறுநா காலையில, சும்மா என் மனசுக்காக, இன்னொரு தபா அளந்து பாக்கலாம்னு குண்டு கட்டுனேன். அளந்தா முக்கால் இஞ்சு. இடது பக்கம் முன்னாடி. நான் வாயில சொன்னேனே, அதே எடம், அதே அளவு.

தரை சரியில்லன்னு நவுத்தி வெச்சி அளந்தேன். டேப்பு நீண்டுக்கிச்சின்னு புது டேப்பு வாங்கிக்கினு வந்து அளந்தேன். முக்கால் இஞ்சு, முக்கால் இஞ்சு, முக்கால் இஞ்சு. பக்கத்து ஷெட்டு பாஷா பாய் வெல்டிங் பண்றவரு, அவரைக் கூப்ட்டேன். விசயத்த சொல்லல, அளந்து குடு பாய்னு மட்டும் சொன்னேன். அவரு ஊதா சாக்பீஸ்ல புள்ளி வெச்சாரு, நான் வெள்ளையில வெச்சிருந்தேன். மூணு மூலையில ஊதாவும் வெள்ளையும் ஒண்ணு மேல ஒண்ணு. நாலாவது மூலையில, இடது பக்கம் முன்னாடி, ரெண்டு புள்ளி தனித்தனியா இருந்துச்சி, நடுவுல ஒரு விரக்கடை. அவரு புள்ளிய வெச்சி அளந்தா வண்டி நேரு. என் புள்ளிய வெச்சி அளந்தா பெண்டு. ஒரே போல்ட்டு, ஒரே நூலு, ஒரே குண்டு.

"உன் கை நடுங்குதுப்பா" அப்டின்னாரு பாயி. எங்க நடுங்குது? அவரு எதுருலயே திரும்ப தொங்கவுட்டேன். குண்டு ஆடி ஆடி நின்னுச்சி. நின்ன எடம் என் வெள்ளைப் புள்ளி. பாயி பீடிய அணைச்சிட்டு போயிட்டாரு.

எனுக்கு வீம்பு வந்துச்சி. பெண்டுன்னு தான காட்டற, இரு உன்னை இழுக்கறேன்னு செயின மாட்டி ஜாக்கிய ஏத்தினேன். இரும்பு முனக ஆரம்பிச்சிச்சி. பாஷா பாய் ஓடி வந்து என் கையைப் புடிச்சி, "நேரா இருக்கற வண்டிய இன்னாத்துக்கு இழுக்கற? அடுத்தவன் வண்டிய ஒடைச்சி வெக்கப் போறியா?" அப்டின்னு சத்தம் போட்டாரு. அப்ப தான் நான் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னே எனுக்கு ஒறைச்சிச்சி. செயின அவுத்துட்டு, சகலைக்கி போன் போட்டு, சரி பண்ணிட்டேன், வந்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வந்தான், பொஞ்சாதி புள்ளையோட. திருவக்கரைக்கு போயி பூசை போட்டுட்டு அப்டியே வூட்டுக்கு போலாம்னு ஏற்பாடு. நானும் செல்வியும் எங்க பொண்ணும் கெளம்புனோம். சகலை சாவிய எங்கிட்ட நீட்டறான். "மொத ஓட்டு நீங்க தாண்ணா." வேணாம்னு சொல்ல இன்னா காரணம் சொல்றது? பொம்பளைங்களும் புள்ளைங்களும் பின்னாடி பாயி விரிச்சி குந்திக்கினாங்க, சகலை எம் பக்கத்துல.

மயிலம் வரைக்கும் எப்டியோ போயிட்டேன். உள் ரோட்டுல திரும்புனதும் வண்டி இடது பக்கமே போவுது சார். நான் வலது பக்கம் ஒடிக்கறேன், அது இடது பக்கம் நவுருது, கையில அம்மாம் பலத்த வெச்சி புடிச்சிக்கினு இருக்கேன். எதுருல குவாரியில இருந்து ஜல்லி லாரி ஒண்ணு வந்துச்சி. ஒதுங்குனேன். ஒதுங்குன வண்டி நிக்கல, ரோட்டோரப் பள்ளத்தைப் பாத்து போவுது. பின்னாடி எம் பொண்ணு "அப்பா!"ன்னு கத்துனா. பிரேக்கு மேல ஏறி நின்னேன். முன் டயரு பள்ளத்து விளிம்புல நின்னுச்சி. என் சட்டை தொப்பலா நனஞ்சி போச்சி.

"கொஞ்ச நேரம் நான் ஓட்டறேண்ணா, நீங்க களைப்பா இருக்கீங்க" அப்டின்னான் சகலை. மாறி குந்திக்கினோம். அவன் கையில அந்த வண்டி எண்ணெய்ல வழுக்கற மாதிரி நேரா போச்சி. ஒரு கட்டத்துல ஸ்டியரிங்க விட்டுட்டு மூக்கைத் தொடைச்சான் சார், அப்பவும் வண்டி கோடு மாறல. நான் ஜன்னலு பக்கம் திரும்பிக்கினேன்.

திருவக்கரை கோயிலு பாத்திருக்கீங்களா? அங்க கோபுரம், கொடிமரம், நந்தி, உள்ள சாமி எதுவுமே ஒரே நேர்கோட்டுல இருக்காது, ஒண்ணுக்கு ஒண்ணு விலகி விலகி இருக்கும். எப்ப போனாலும் ஒரு நூல் புடிச்சிப் பாக்கணும்னு எனுக்கு கை துறுதுறுங்கும். அன்னிக்கி கும்புட்டுக்கினு கம்முன்னு நின்னேன். வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வெச்சி, நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வெச்சாங்க. சகலை தான் குனிஞ்சி வெச்சான், டயரு நடுவுல ஒட்டுனாப்புல, நான் ஒவ்வொண்ணா பாத்தேன். "எடுங்கண்ணா" அப்டின்னான். எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. ஏறி குந்தி, மெதுவா கிளட்ச்சை விட்டேன்.

எறங்கிப் பாக்கறேன். மூணு பழம் நசுங்கியிருக்குது. பின்னாடி இடது பக்கத்துப் பழம் முழுசா அப்டியே இருக்குது. உருளல சார், வெச்ச எடத்துலயே இருக்குது, அதுக்கு அடியில வெச்ச குங்குமம் கூட கலையல. டயரு தான் அத்த தொடாம ஓரமா போயிருக்குது. சுமதி "ஐயோ அக்கா"ன்னு செல்வி கையைப் புடிச்சிக்கினா. சகலை ஜல்தியா குனிஞ்சி அந்தப் பழத்த எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கினு, "கல்லு தட்டி உருண்டுட்டுச்சி, ஒண்ணும் இல்ல, வாங்க சாப்புடப் போலாம்" அப்டின்னான். அந்த எடத்துல ஒரு கல்லும் கெடையாது.

சாப்ட்டு முடிஞ்சி பொம்பளைங்க கடைப் பக்கம் போனப்ப, அவனை ஒரு ஓரமா தள்ளிக்கினு போயிட்டேன். எனுக்கு தாங்க முடியல. "சகல, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" அப்டின்னேன்.

"தெரியும்ணா" அப்டின்னான்.

"இன்னா தெரியும்?"

"வண்டி நேரா தான் இருக்குதுன்னு தெரியும். தண்ணி ஊத்தி ஓட்டிப் பாக்கறது நீங்க சொல்லிக் குடுத்தது தானண்ணா. அன்னிக்கி நீங்க வர்றதுக்கு முன்னாடியே களத்துல பாத்துட்டேன். ரெண்டு கோடு தான் வந்துச்சி."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னைக் கூப்ட்ட?"

"மூத்தவரு நீங்க. உங்க வாயால நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வரணும்னு நெனச்சேன். நீங்க பெண்டுன்னுட்டீங்க. நயினாரு எதுருல உங்களைப் பொய்யாக்க முடியுமாண்ணா? அந்த வண்டி மேல நீங்க ஆசைப்பட்டது அப்பறம் தான் சுமதி சொல்லிச்சி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் பக்கத்துலயே போயிருக்க மாட்டேன். உட்டுடுங்கண்ணா. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கினு போங்க, உங்க வண்டி தான்."

ஷெட்டுல எனுக்கு அளந்தப்ப மெய்யாலுமே முக்கால் இஞ்சு காட்டுச்சின்னு சொன்னேன். அவன் சிரிச்சிக்கினே என் முதுகைத் தட்டுனான். நம்பல. அவனைக் கட்டிப் புடிச்சி அழுதேன் சார், கோயில் வாசல்னு கூட பாக்கல. ஆனா உங்ககிட்ட மறைக்க இன்னா இருக்குது, அழுவறப்பவே உள்ள ஒண்ணு சொல்லிக்கினு இருந்துச்சி, பாத்தியா, இதுலயும் அவனே பெரிய மனுஷன் ஆயிட்டான்னு. அத்த அன்னிக்கே அடக்கிட்டேன். நயினாருகிட்ட போயி மன்னிப்பு கேட்டேனான்னு கேக்கறீங்களா? கேக்கல. போவணும் போவணும்னு இருக்கேன்.

அதுக்கப்பறம் நான் அந்த வண்டிய தொடல. ரெண்டு வருஷம் ஓடிச்சி. மத்த வண்டி எல்லாம் எங்கிட்ட சரியா தான் அளவு காட்டுது, உங்க வண்டியும் சரியா தான் காட்டும், பயப்படாதீங்க. சகலைக்கும் எனுக்கும் ஒரு மனஸ்தாபமும் கெடையாது. போன தை மாசம் அவன் விழுப்புரத்துல புது வூடு கட்டி குடி போனான். மாடி வூடு, வாசல்ல கிரானைட்டு. நான் மொத நாளே போயிட்டேன். பந்தலு போட ஆளு புடிச்சேன், சாமானுக்கு அலைஞ்சேன், எல்லாருகிட்டயும் எங்க சகலை வூடு எங்க சகலை வூடுன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். மனசு நெறைஞ்சி தான் இருந்தேன்.

காலையில பத்து மணி இருக்கும், தெரு முனையில நிக்கற பிக்கப்புல சமையல் பாத்திரம் இருக்குது, யாராவது கொண்டாந்து வாசல்ல நிறுத்துங்கன்னு மாமனாரு கத்தறாரு. கையில சாவிய குடுத்துட்டாங்க. நானும் அத்த எல்லாம் மறந்தவன் மாதிரி ஏறிட்டேன். வழியில எவனோ தண்ணி கொடத்த கொட்டி வெச்சிருந்தான், அது மேல ஏறி, புதுசா போட்ட சிமெண்டு ரோட்டுல நேரா ஓட்டி வாசல்ல நிறுத்தினேன். ஒண்ணும் இழுக்கல. ஸ்டியரிங்கு லேசா தான் இருந்துச்சி. எனுக்கு அப்டி ஒரு சந்தோஷம். எறங்கி, திரும்பிப் பாத்தேன்.

நாலு கோடு.

குனிஞ்சேன். முன் டயரு கோட்டுக்கும் பின் டயரு கோட்டுக்கும் நடுவுல கைய வெச்சேன். ஒரு விரலு உள்ள போச்சி. ரெண்டாவதும் போச்சி. நாலு விரலும் தாராளமா போச்சி சார்.

தலைய தூக்குனா செல்வி நிக்கறா, கையில தண்ணி பக்கெட்டு. கோட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. பக்கெட்டுத் தண்ணிய அந்தக் கோடு மேல கொட்டி, வெளக்கமாத்தால பரபரன்னு தள்ளிட்டு உள்ள போயிட்டா. கோலம் போட எடம் பண்ணாளா, இல்ல வேற யாரும் பாக்கக் கூடாதுன்னு பண்ணாளா, இன்னி வரைக்கும் அவளும் சொல்லல, நானும் கேக்கல.

அன்னிக்கி நான் சந்தோஷமா தான் இருந்தேன் சார். எம் பொண்ணு மேல சத்தியமா, சந்தோஷமா தான் இருந்தேன். அப்ப அந்த நாலு விரக்கடை எங்கருந்து வந்துச்சி?